48 வோல்ட் பற்றரிக்கு வெயில் போதும், பனலின் வோல்ட்டும் போதுமா?

மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வாடிகளில் ஒரு பனல், ஒரு 12 வோல்ட் பற்றரி, இரண்டு மின்குமிழ்கள். சூரிய மின்சாரம் பலருக்கு அறிமுகமானது இந்த அளவில்தான். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பிறகு வீடுகளின் தேவை மாறிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி நிற்கக் கூடாது, கிணற்று மோட்டர் ஓட வேண்டும், இரவில் மின்விசிறி சுழல வேண்டும். கூரையில் பனல் வைத்து மின்சார சபைக்கு மின்சாரம் கொடுத்துவந்த வீடுகள்கூட, பற்றரி இல்லாததால் மின்வெட்டு நேரத்தில் இருளில் இருந்தன. வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்படிதான் அந்த வகை இன்வேட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

எனவே ஆட்கள் பெரிய பற்றரித் தொகுதிக்குப் போகிறார்கள். நான்கு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு, இணைத்து 48 வோல்ட் ஆக்குகிறார்கள், அல்லது 48 வோல்ட் லிதியம் பற்றரி ஒன்றை வாங்குகிறார்கள். பிறகு பழைய பனலையே அதில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நடுப்பகல் வெயில் கொளுத்துகிறது, பனலுக்கும் பற்றரிக்கும் இடையே நின்று ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கொன்ட்ரோலரின் திரையிலோ பூச்சியம் அம்பியர். கடைக்காரர் கொன்ட்ரோலர் பழுது என்கிறார், வீட்டுக்காரர் பனல் பழுது என்று நினைக்கிறார். பெரும்பாலும் இரண்டுமே நல்ல நிலையில்தான் இருக்கும்.

காரணம் எளிமையானது. உன்னிச்சைக் குளத்தின் மதகைத் திறந்தாலும், குளத்து நீர்மட்டம் வாய்க்காலைவிட உயர்ந்திருந்தால்தான் தண்ணீர் வயலுக்கு இறங்கும். பனலின் வோல்ட்டளவும் பற்றரியின் வோல்ட்டளவைவிட உயர்ந்திருந்தால்தான் மின்னோட்டம் பற்றரிக்குள் போகும். எத்தனை வாட் பனல் என்பது அதற்கு அடுத்த கேள்வி. 550 வாட் பனல் ஒன்றைத் தனியாக 48 வோல்ட் தொகுதிக்குக் கொடுத்தால், அந்த 550 வாட்டில் ஒன்றுகூட உள்ளே போகாமல் இருக்கலாம்.

உயர்ந்த வோல்ட்டுக்கு ஏன் போகிறோம்

நான்கு பற்றரிகளைத் தொடராக இணைத்தால் மின்சாரம் கூடுதலாகச் சேமிக்கப்படும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. 12 வோல்ட் 100 அம்பியர்-மணி பற்றரி நான்கைச் சமாந்தரமாக, அதாவது நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும், இணைத்தால் 12 வோல்ட் 400 அம்பியர்-மணி கிடைக்கும். தொடராக இணைத்தால் 48 வோல்ட் 100 அம்பியர்-மணி கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் 4800 வாட்-மணிதான். மின்சாரப் பட்டியலில் வரும் அலகுக் கணக்கில் 4.8 அலகு. ஈய அமிலப் பற்றரியானால் அதில் பாதியளவையே எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் விரைவாகக் குறையும்.

உண்மையான ஆதாயம் வயரில் இருக்கிறது. 1500 வாட் சுமை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அதற்கு 125 அம்பியர் வேண்டும், 48 வோல்ட்டில் 31 அம்பியர் போதும். பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் இடையே 5 மீற்றர் தூரம், 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்று வைத்துக்கொண்டால், போய்வரும் 10 மீற்றரின் தடை ஏறத்தாழ 0.011 ஓம். 125 அம்பியர் அதில் ஓடும்போது 1.4 வோல்ட் வயரிலேயே விழுந்துவிடும். சுமார் 170 வாட் வெறும் சூடாகப் போகும். வயரும் தன் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிடும். 12.4 வோல்ட்டில் இருக்கும் பற்றரி இன்வேட்டரின் கண்ணுக்கு 11 வோல்ட்டாகத் தெரியும். பற்றரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கும்போதே இன்வேட்டர் கத்தத் தொடங்குவது இதனால்தான். அதே வயரில் 31 அம்பியர் ஓடினால் இழப்பு 11 வாட்டுக்குள் அடங்கிவிடும். மின்னோட்டம் நான்கில் ஒன்றாகும்போது வயரில் வீணாகும் சக்தி பதினாறில் ஒன்றாகிறது.

செப்பு விற்கும் விலையில் இதை அலட்சியம் செய்ய முடியாது. விளக்கும் கைபேசியும் மட்டும் உள்ள வாடிக்கு 12 வோல்ட் போதும். 1000 வாட்டைத் தாண்டும் எந்த வீட்டுக்கும் குறைந்தது 24, முடிந்தால் 48 என்பதே என் உறுதியான கருத்து.

பனலின் முதுகில் உள்ள எண்கள்

ஒவ்வொரு பனலின் பின்புறமும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். கடையில் எல்லோரும் வாட் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியவை அதற்குக் கீழே இருக்கின்றன. ஒன்று விஓசி (Voc). பனலில் எதையும் இணைக்காதபோது வெயிலில் அது காட்டும் வோல்ட்டளவு அது, பனல் தரக்கூடிய உச்சம். மற்றது விஎம்பி (Vmp). பனல் தன் முழுச் சக்தியையும் தரும்போது நிற்கும் வோல்ட்டளவு.

36 சில்லுகள் (பனலில் கட்டம் கட்டமாகத் தெரியும் சூரியக் கலங்கள்) கொண்ட சிறிய பனல்களில் விஎம்பி 18 வோல்ட், விஓசி 22 வோல்ட் அளவில் இருக்கும். ‘12 வோல்ட் பனல்’ என்று விற்கப்படுபவை இவைதான். 60 சில்லுப் பனலில் அவை 31, 38 அளவில் இருக்கும். இப்போது கூரைகளில் ஏறும் 550 வாட் அளவிலான பெரிய பனல்களில் விஎம்பி 42 வோல்ட், விஓசி 50 வோல்ட், மின்னோட்டம் 13 அம்பியர் என்ற அளவில் இருக்கும். பனலுக்குப் பனல் சற்று வேறுபடும். உங்கள் பனலின் சீட்டில் உள்ளதையே கணக்கில் எடுங்கள்.

இந்த எண்கள் எல்லாம் சில்லின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸாக இருக்கும்போது அளக்கப்பட்டவை. மட்டக்களப்பில் நடுப்பகலில் பனல் ஒருபோதும் 25 பாகையில் இருப்பதில்லை. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தகரக் கூரையோடு ஒட்டிப் பூட்டிய பனலின் சில்லு 65 பாகைக்குப் போய்விடும். சில்லு சூடாகும்போது வோல்ட்டளவு இறங்கும். விஎம்பி ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும் என்று கொண்டால், 40 பாகைக்கு 14 சதவீதம் போய்விடும். சீட்டில் 42 என்று இருப்பது கூரையில் 36 ஆகிவிடும். வெயில் கூடினால் வோல்ட் கூடும் என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. வெயில் கூடும்போது கூடுவது மின்னோட்டம், வோல்ட்டளவு வெப்பத்தால் குறையும். கூரைக்கும் பனலுக்கும் இடையே ஒரு சாண் காற்றோட்டம் விட்டுப் பூட்டினால் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

இனிப் பற்றரியின் பக்கம். 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி ஒன்று முழுமையாக நிரம்ப 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றப்பட வேண்டும். நான்கு தொடராக இருந்தால் 57.6 வோல்ட். 16 கலங்கள் கொண்ட லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியின் பெயரளவு வோல்ட் 51.2. அதை நிரப்பப் பெரும்பாலும் 56 முதல் 57.6 வரை கேட்பார்கள். ஆக ‘48 வோல்ட்’ என்று நாம் அழைக்கும் தொகுதி, நிரம்பும் வேளையில் 58-ஐ நெருங்கி நிற்கும். பனல் தாண்ட வேண்டிய உயரம் இதுதான்.

ஒரு பெரிய பனலின் விஓசியே 50தான். 51 வோல்ட்டில் நிற்கும் பற்றரிக்குள் அதனால் ஒன்றையும் செலுத்த முடியாது. திரையில் பூச்சியம் வந்தது இதனால்தான். இரண்டு பனல்களைத் தொடராக இணைத்தால் சூட்டிலும் 72 வோல்ட் கிடைக்கும். 58-ஐத் தாண்டி மிச்சமும் இருக்கிறது.

இதைவிட எளிதில் பிடிபடாத கோளாறு ஒன்றும் உண்டு. 60 சில்லுப் பனல் இரண்டைத் தொடராக்கி 48 வோல்ட்டுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. சீட்டின்படி 62 வோல்ட், போதும்போலத் தெரியும். சூட்டில் அது 53 ஆகிவிடும். பற்றரி பாதி நிரம்பும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். 57-க்கு ஏறவேண்டிய கடைசிக் கட்டத்தில் மின்னோட்டம் மெலிந்துபோகும், பொழுதும் சாய்ந்துவிடும். நாளுக்கு நாள் முழுமையாக நிரம்பாத ஈய அமிலப் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து இறுகும். ஓரிரு வருடத்தில் பற்றரி செத்துப்போகும், ‘தரமில்லாத பற்றரி’ என்று அதற்குப் பழி வரும். ஒரு குடும்பத்தின் சேமிப்பு இப்படிக் கரைவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் மூன்றாவது பனல் ஒன்றைத் தொடரில் சேர்த்திருந்தால் அந்தப் பற்றரி பிழைத்திருக்கும்.

இரண்டு வகைக் கொன்ட்ரோலர்கள்

விலை குறைந்த பிடபிள்யூஎம் (PWM) கொன்ட்ரோலர் பனலை நேராகப் பற்றரியோடு தொட்டுத் தொட்டு விடுகிறது. தொட்டிருக்கும் நேரத்தில் பனலின் வோல்ட்டளவு பற்றரியின் வோல்ட்டளவுக்கு இறங்கிவிடும். 250 வாட் 60 சில்லுப் பனலை இதன் வழியாக 12 வோல்ட் பற்றரிக்குக் கொடுத்தால், 8 அம்பியர் 13 வோல்ட்டில் போகும். ஆக 104 வாட். மீதி வீணாகிறது.

எம்பிபிடி (MPPT) கொன்ட்ரோலர் உயர்ந்த வோல்ட்டளவை இறக்கி, அதற்கு ஈடாக மின்னோட்டத்தை உயர்த்துகிறது. நம் இரண்டு பெரிய பனல்கள் நடுப்பகலில் 70 வோல்ட், 12 அம்பியர் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 840 வாட். பற்றரி 54 வோல்ட்டில் இருந்தால் எம்பிபிடி அதை 15 அம்பியருக்குச் சற்று மேலாக மாற்றித் தரும். பிடபிள்யூஎம் என்றால் அதே 12 அம்பியர்தான், 648 வாட். ஆனாலும் பிடபிள்யூஎம்மை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. 36 சில்லுப் பனல் நான்கைத் தொடராக்கி 48 வோல்ட் தொகுதிக்குக் கொடுத்தால் சூட்டில் 62 வோல்ட் வரும், அந்தப் பொருத்தம் நல்லது. 48 வோல்ட்டை ஏற்கும் பிடபிள்யூஎம்மாக மட்டும் இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடையில் கிடைக்கும் எம்பிபிடி அநேகமாக எல்லாமே வோல்ட்டை இறக்கும் வகை. உயர்த்தும் வேலையை அவை செய்யா. சில கருவிகள் வேலை தொடங்கவே கூடுதல் இடைவெளி கேட்கும். எடுத்துக்காட்டாக, விக்ட்ரன் நிறுவனத்தின் கொன்ட்ரோலர்கள் பற்றரியைவிடப் பனல் 5 வோல்ட் உயர்ந்தபிறகுதான் விழித்துக்கொள்ளும். வோல்ட்டை உயர்த்தி ஏற்றும் கொன்ட்ரோலர்களும் தனியாக உண்டு. ஒரேயொரு பனலை வைத்து மின்சார சைக்கிளின் 36 அல்லது 48 வோல்ட் பற்றரியை ஏற்றுவது போன்ற சிறிய வேலைகளுக்கு அவை பொருந்தும். அவற்றில் பனலின் வோல்ட்டளவு எப்போதும் பற்றரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பனல் மேலே போய்விட்டால் மின்னோட்டம் கட்டுப்பாடின்றி நேராகப் பற்றரிக்குள் பாய்ந்துவிடும். வீட்டுத் தேவைக்கு இன்னொரு பனலைத் தொடரில் சேர்ப்பதே நல்ல வழி.

மேலெல்லை

கொன்ட்ரோலரின் முகப்பில் 100/30, 150/35 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் பனல் பக்கம் அது தாங்கும் உச்ச வோல்ட். இரண்டாவது பற்றரிக்கு அது தரும் உச்ச அம்பியர். இவ்விரண்டில் முதலாவதைத் தாண்டினால் மன்னிப்புக் கிடையாது. அம்பியர் எல்லைக்கு மேல் பனல் போட்டால் நல்ல கொன்ட்ரோலர் மிச்சத்தை எடுக்காமல் விட்டுவிடும். வோல்ட் எல்லையைத் தாண்டினாலோ உள்ளே உள்ள பாகங்கள் அந்த நொடியிலேயே எரிந்துபோகும், உத்தரவாதமும் கைகொடுக்காது.

இந்தக் கணக்கை விஓசியை வைத்துத்தான் போட வேண்டும். குளிர்ந்த பனலின் வோல்ட்டளவு சீட்டில் இருப்பதைவிட ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உறைபனி விழும் நாடுகளில் இதற்காகப் பெரிய இடைவெளி விடுவார்கள். மார்கழி விடியலில்கூட நமக்குக் குளிர் 20 பாகையை ஒட்டியே நிற்பதால் ஏற்றம் ஓரிரு சதவீதம்தான். ஆனாலும் 10 சதவீதம் விட்டுவைப்பது நல்லது. 50 வோல்ட் பனல் மூன்றைத் தொடராக்கினால் 150. முகப்பிலும் 150 என்று எழுதியிருக்கிறது, சரியாகப் பொருந்துகிறது என்று இணைத்தால், மழை ஓய்ந்து மேகம் விலகிய ஒரு குளிர்ந்த காலையில் அது 152-ஐத் தொடும். அந்தக் கொன்ட்ரோலருக்கு இரண்டிரண்டாகத் தொடராக்கி, அந்தச் சோடிகளைச் சமாந்தரமாகச் சேர்ப்பதே சரி. மூன்றைத் தொடராக்க வேண்டுமானால் 250 வோல்ட் தாங்கும் கருவி வேண்டும்.

அம்பியர் எண்ணில் உயர்ந்த வோல்ட்டின் இன்னொரு நன்மை தெரியும். 35 அம்பியர் கொன்ட்ரோலர் 12 வோல்ட் தொகுதியில் 500 வாட் பனலைத்தான் கையாளும். அதே பெட்டி 48 வோல்ட்டில் 2000 வாட்டைக் கையாளும். பெட்டியின் விலை மாறவில்லை, வேலை நான்கு மடங்காகிவிட்டது. ஆனால் எல்லா 35 அம்பியர் பெட்டியும் 48-ஐ ஏற்காது. 12, 24 மட்டும் ஏற்பவை ஏராளம். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 48 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பற்றரி எவ்வளவை விழுங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஈய அமிலப் பற்றரிக்கு அதன் அம்பியர்-மணியில் 10 முதல் 20 சதவீதம் வரையான மின்னோட்டம் உகந்தது. 100 அம்பியர்-மணித் தொகுதிக்கு 10 முதல் 20 அம்பியர். அதற்கு நான்கு பெரிய பனல்களின் 40 அம்பியரைக் கொடுக்கக் கூடாது. அதே அளவு லிதியம் பற்றரி 40-ஐத் தாராளமாக ஏற்கும்.

இணைக்கும் நாளில்

முதலில் பற்றரியைக் கொன்ட்ரோலருடன் இணைத்து, திரையில் 48 என்று தெரிகிறதா பார்த்து, அதன்பிறகே பனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது பனல் முதலில். பல கொன்ட்ரோலர்கள் தொகுதியின் வோல்ட்டைத் தாமே ஊகித்துக்கொள்ளும். நன்றாக இறங்கிப்போன நான்கு பற்றரிகள் சேர்ந்து 40 வோல்ட்டுக்கும் கீழே நின்றால், அது 36 வோல்ட் தொகுதி என்று தவறாக முடிவுசெய்துவிடலாம். 48 என்று கையால் அமைத்துவிடுவது பாதுகாப்பு.

ஈய அமிலத்துக்கும் லிதியத்துக்கும் ஏற்றும் முறை வேறு. அந்தத் தெரிவையும் கையாலேயே செய்ய வேண்டும். ஈய அமிலப் பற்றரிக்கு வெப்பத் திருத்தம் அவசியம். 25 பாகைக்கு மேல் கலம் ஒன்றுக்கு ஒரு பாகைக்கு 4 மில்லிவோல்ட் என்று கொண்டால், 24 கலங்கள் உள்ள 48 வோல்ட் தொகுதி 35 பாகை அறையில் ஏறத்தாழ 1 வோல்ட் குறைவாக ஏற்றப்பட வேண்டும். 57.6-க்குப் பதில் 56.6. நம் ஊர் வெப்பத்தில் இதைச் செய்யாமல் விட்டால் அமிலத் தண்ணீர் வேகமாக வற்றும். கொன்ட்ரோலருடன் வரும் வெப்ப உணரியைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் பற்றரியின் உடலில் ஒட்டுங்கள். லிதியத்துக்கு இந்தத் திருத்தம் வேண்டாம், அமைப்பில் அதை நிறுத்திவையுங்கள்.

தொடராக இணையும் பற்றரிகள் ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயதாக இருக்க வேண்டும். மூன்று புதியவற்றோடு ஒரு பழையதைச் சேர்த்தால் பழையது முதலில் நிரம்பிக் கொதிக்கும், முதலில் வற்றவும் செய்யும். வானொலிக்கோ விளக்குக்கோ 12 வோல்ட் வேண்டுமென்று நான்கில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பதும் இதே கேட்டைத் தரும். 48-ஐ 12 ஆக்கும் சிறிய மாற்றி ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். 12 வோல்ட் லிதியம் பற்றரிகளைத் தொடராக்க அவற்றின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று அனுமதிக்கிறதா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்த பிறகே தொடுங்கள்.

பாதுகாப்பில் எந்தச் சிக்கனமும் வேண்டாம். 12 வோல்ட்டில் பழகிய கைக்கு 48 வோல்ட்டும் சாதுவாகத் தோன்றும். நிரம்பும் வேளையில் அது 58 வோல்ட். ஈரக் கைக்கு அது விளையாட்டல்ல. பனல் பக்கத்து 100 வோல்ட் நேர்மின்னோட்டம் உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டில் பழகிய மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் பிரேக்கர் திறக்கும்போது தீப்பொறி தானே அணையும். நேர்மின்னோட்டம் பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. சாதாரண வீட்டுப் பிரேக்கரைப் பூட்டினால் அதன் உள்ளேயே பொறி நின்று எரியும். நேர்மின்னோட்டத்துக்கென்று, உரிய வோல்ட் அளவு குறிக்கப்பட்ட பிரேக்கரே வேண்டும். பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஒரு பியூஸும் இருக்க வேண்டும். கல்லடி முதல் பொத்துவில் வரை கடலையொட்டிய வீடுகளில் உப்புக் காற்று முனைகளைப் பச்சையாக அரித்துவிடும். வெள்ளீயம் பூசிய செப்பு முனைகளை அழுத்திப் பூட்டி மேலே வாசலின் தடவுங்கள். 120 வோல்ட்டுக்கு மேல் பனல் வரிசை கேட்கும் இன்வேட்டரானால், அந்த வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் ஒரு வெயில் நாளின் நடுப்பகலில் மூன்று அளவுகளை எழுதிவையுங்கள்: பனல் வோல்ட், பற்றரி வோல்ட், சார்ஜ் அம்பியர். எம்பிபிடியானால், பனல் வோல்ட் பற்றரியைவிட 10 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்திருந்தால் நிம்மதி. மாலைக்குள் பற்றரி 56-57-ஐத் தொட்டு, அம்பியர் தானாக இறங்கியிருக்க வேண்டும். மாரி காலத்தில் இது பல நாட்கள் நடக்காது. ஐப்பசி பிறந்ததும் ஈய அமிலப் பற்றரி வைத்திருப்பவர்கள் சுமையைக் குறைத்துக்கொள்வதும், மின்சாரம் வரும் நேரத்தில் அதை வெளியிலிருந்து முழுமையாக ஏற்றுவதும் நல்லது. மாதத்துக்கு ஒரு தடவை நான்கு பற்றரிகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று மற்றவற்றிலிருந்து 0.2 வோல்ட்டுக்கு மேல் விலகி நின்றால், முதலில் அதன் முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் மாறாவிட்டால் அந்த ஒன்றைத் தனியே கழற்றி 12 வோல்ட் சார்ஜரில் முழுமையாக ஏற்றிய பிறகே தொடரில் திரும்பச் சேருங்கள்.